காற்றில்லாத நாளுக்கு ஹைட்ரஜன்

மின்கம்பி எட்டாத ஊரில் காற்றாலை நிறுவலாம். காற்று ஓய்ந்த நாளில் என்ன செய்வது? இதற்கு விடை காண, நார்வே நாட்டு உட்சிரா தீவில் 2004ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் ஒரு சோதனை நடத்தப்பட்டது.

அங்கே 10 வீடுகளின் தேவை போக மிஞ்சிய காற்றாலை மின்சாரத்தை நீரில் செலுத்தி, ஹைட்ரஜனைப் பிரித்து, அழுத்தித் தொட்டியில் அடைத்தார்கள். காற்று நின்றதும் அந்த வாயுவைக் கொண்டு எஞ்சினை ஓட்டி மின்சாரம் எடுத்தார்கள். சுமார் 2 நாள் தாங்கும் அளவுக்குச் சேமிக்க முடிந்தது.

உழவர் பெருமக்கள் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹைட்ரஜன் இங்கே மின்சாரத்தின் ஊற்று அன்று, குதிர்தான். அதுவும் ஓட்டைக் குதிர்! ஒரு கிலோ ஹைட்ரஜன் பிரிக்க 50 யூனிட்டுக்கு மேல் செலவாகும். திரும்பக் கிடைப்பது ஏறத்தாழ 16 யூனிட். அதாவது, மூன்று மூட்டை நெல் கொட்டி ஒரு மூட்டை எடுப்பது போல. அந்த 16 யூனிட்டில் 5 குதிரைத்திறன் பம்புசெட் சுமார் மூன்றரை மணி நேரம் ஓடும்.

நீர் அதிகம் வேண்டாம். கிலோவுக்கு 9 லிட்டர் பிரிகிறது. ஆனால் உப்பு நீக்கிய தூய நீர் தேவை. கிணற்று நீரை அப்படியே விட்டால் கருவி கெடும்.

ஆகவே, ஓர் இரவைக் கடத்த பாட்டரியே சிக்கனம். பல நாள் காற்றும் வெயிலும் பொய்க்கும் இடங்களிலும், டீசலைப் படகில் கொண்டுபோகும் தீவுகளிலும் ஹைட்ரஜனைப் பற்றி யோசிக்கலாம். கசிந்தால் நிறமோ மணமோ தெரியாது, எளிதில் தீப்பற்றும். தொட்டியை வீடுகளுக்கு அப்பால், திறந்தவெளியில்தான் வைக்க வேண்டும்.