எண்பது ரூபாய் அப்பளக் கதை



சாம்பார் சாதத்துக்கு அம்மா அப்பளம் பொரித்தால் தட்டில் விழும் முன்பே கை நீளும், இல்லையா? அந்த அப்பளத்துக்குள் ஒரு பெரிய பாடம் ஒளிந்திருக்கிறது. கல்லூரியில் 'வணிக நிர்வாகம்' என்று சொல்லித் தருகிறார்களே, அந்தப் பாடம்தான்!

எம்.பி.ஏ. படிக்கும் அண்ணனோ அக்காவோ முதலீடு, பிராண்ட், ரிஸ்க் என்று பேசினால், 'நமக்குப் புரியாத விஷயம்' என்று நழுவி விடுவீர்கள். இன்று நழுவ வேண்டாம். ஏழு பெண்கள் அப்பளம் இட்ட கதையைக் கேளுங்கள். அந்தச் சொற்கள் எல்லாம் தாமாகவே வந்து உங்களிடம் அறிமுகம் செய்துகொள்ளும்.

நிர்வாகம் என்றால் என்ன? கையில் இருக்கிற பணம், ஆட்கள், பொருள், நேரம் ஆகிய நான்கையும் வைத்துக்கொண்டு, நினைத்த காரியத்தை முடிக்கச் சரியான முடிவுகளை எடுப்பது. அவ்வளவுதான்!

மொட்டை மாடியில் தொடக்கம்

1959ஆம் ஆண்டு, மார்ச் 15ஆம் தேதி. மும்பை நகரின் கிர்காவ் பகுதியில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடி. குஜராத்தி பேசும் ஏழு பெண்கள் அங்கே கூடினார்கள். அதிகம் படித்தவர்கள் அல்லர். வீட்டு வேலை முடிந்த பிறகு கிடைக்கும் நேரத்தில் நாலு காசு சம்பாதித்துக் குடும்பத்துக்கு உதவ வேண்டும் என்பது அவர்கள் ஆசை. நன்றாகத் தெரிந்த வேலை எது? அப்பளம் இடுவது!

ஆனால் உளுந்து மாவு, மிளகு, பெருங்காயம் எல்லாம் வாங்கப் பணம் வேண்டுமே! சகன்லால் கரம்சி பாரேக் என்ற சமூகத் தொண்டரிடம் 80 ரூபாய் கடன் வாங்கினார்கள். அன்று தயாரானவை நாலே நாலு பாக்கெட்டுகள். அவற்றைப் பக்கத்திலிருந்த கடைத்தெருவில் தெரிந்த வியாபாரி ஒருவரிடம் விற்றார்கள்.

இங்கேயே சில சொற்கள் வந்துவிட்டன. தொழில் தொடங்கப் போடும் பணம் முதலீடு. அதையே 'முதல்' என்றும், 'மூலதனம்' என்றும் சொல்வார்கள். உளுந்து மாவும் மிளகும் மூலப்பொருள். அப்பளம் உற்பத்திப் பொருள். அதை வாங்குபவர் வாடிக்கையாளர். முதலீடும் வாடிக்கையாளரும் இல்லாமல் உலகத்தில் எந்தத் தொழிலும் இல்லை. பெட்டிக் கடையானாலும் சரி, விமானம் செய்யும் தொழிற்சாலையானாலும் சரி!

ஒன்றைக் கவனியுங்கள். அந்த 80 ரூபாய் இனாம் அல்ல, கடன். திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும். நன்கொடை வாங்குவதில்லை என்று ஆரம்பத்திலேயே உறுதியாக இருந்தார்கள் அந்தப் பெண்கள். 'பாவம், உதவுவோம்' என்று யாரும் தங்கள் அப்பளத்தை வாங்கக் கூடாது, நன்றாக இருக்கிறது என்றுதான் வாங்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

விற்பனை வேறு, லாபம் வேறு

முதல் ஆண்டில் அவர்கள் விற்ற அப்பளத்தின் மதிப்பு 6,196 ரூபாய். "அடேயப்பா! 80 ரூபாய் போட்டு இவ்வளவு லாபமா?" என்று கேட்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்! பெரியவர்களே தடுமாறும் இடம் இது.

6,196 ரூபாய் என்பது விற்பனை வரவு. அதிலிருந்து மாவு, மசாலா, காகிதம், கூலி என்று எல்லாச் செலவையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் லாபம். மிஞ்சாமல் கையைக் கடித்தால் அது நஷ்டம்.

செலவிலும் இரண்டு வகை உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

உங்கள் பள்ளி விழாவில் நீங்கள் நீர்மோர் கடை போடுவதாக வைத்துக்கொள்வோம். மேசைக்கும் பானைக்கும் வாடகை 60 ரூபாய். ஒரு டம்ளர் மோருக்கு ஆகும் செலவு 4 ரூபாய். விற்பது 10 ரூபாய்க்கு.

ஒரு டம்ளர் விற்றாலும், நூறு டம்ளர் விற்றாலும் வாடகை அதே 60 ரூபாய்தான். இது நிலையான செலவு. மோர்ச் செலவோ டம்ளருக்கு டம்ளர் ஏறும். இது மாறும் செலவு.

ஒரு டம்ளர் விற்றால் மோர்ச் செலவு போகக் கையில் நிற்பது 6 ரூபாய். 60 ரூபாய் வாடகையை அடைக்க எத்தனை டம்ளர் விற்க வேண்டும்? பத்து! பத்தாவது டம்ளரில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இதைச் 'சமநிலைப் புள்ளி' என்பார்கள். பதினோராவது டம்ளரிலிருந்துதான் லாபம் தொடங்கும். கடை போடும் முன்பே, 'பத்துப் பேராவது வருவார்களா?' என்று யோசிக்கிறீர்கள் பாருங்கள், அதற்குப் பெயர் திட்டமிடல்.

மலிவா? தரமா?

ஆரம்பத்தில் அந்தப் பெண்கள் இரண்டு தரத்தில் அப்பளம் செய்தார்கள். ஒன்று நல்ல ரகம். இன்னொன்று மலிவான ரகம். கடன் கொடுத்த பாரேக் குறுக்கிட்டார். ஒரே ரகம் போதும், அது நல்ல ரகமாக இருக்கட்டும், தரத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள் என்று அறிவுரை சொன்னார். கணக்கு வழக்கை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும் என்பதையும் வலியுறுத்தினார்.

மலிவாகக் கொடுத்தால் நிறையப் பேர் வாங்குவார்களே, அது நல்லதுதானே? இன்றைக்கு வாங்குவார்கள். ருசி சரியில்லை என்றால் அடுத்த வாரம் வருவார்களா? முதல் முறை வாங்க வைப்பது விலை. மறுபடி வர வைப்பது தரம். எல்லா அப்பளமும் ஒரே ருசியில், ஒரே அளவில் இருக்கிறதா என்று பார்ப்பது தரக் கட்டுப்பாடு. உடைந்து போன அப்பளங்களை அவர்கள் விற்கவில்லை. அக்கம் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டார்கள்!

மழை வந்தது!

அப்பளம் காய வெயில் வேண்டும். மும்பையிலோ மழைக்காலம் வந்துவிட்டால் கொட்டித் தீர்த்துவிடும். முதல் ஆண்டில் நாலு மாதம் வேலையை அப்படியே நிறுத்த வேண்டியதாயிற்று. வேலை இல்லை என்றால் வருமானமும் இல்லை. இப்படி நம் கையில் இல்லாத ஒன்றால் தொழிலுக்கு வரக்கூடிய ஆபத்தைத்தான் 'ரிஸ்க்' என்கிறார்கள். தமிழில் இடர்ப்பாடு.

மறு ஆண்டு மழைக்கு முன்பே யோசித்தார்கள். ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும் வாங்கினார்கள். கட்டில் மேல் அப்பளத்தைப் பரப்பி, அடியில் அடுப்பை வைத்துக் காய வைத்தார்கள். மழையை யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் மழையால் வரும் நஷ்டத்தை நிறுத்த முடிந்தது. நிர்வாகம் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை!

மாடி போதவில்லை

மூன்றாம் ஆண்டுக்குள் முந்நூறு பெண்களுக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். அத்தனை பேர் உட்கார மொட்டை மாடியில் இடம் ஏது? புதுக் கட்டடம் வாங்கினால் நிலையான செலவு ஏறிவிடுமே! ஒரு வழி கண்டார்கள். மாவை ஒரே இடத்தில் பிசைவது, பெண்கள் அதை வாங்கிக்கொண்டு போய் அவரவர் வீட்டிலேயே அப்பளமாக இடுவது, பிறகு கொண்டுவந்து கொடுப்பது, அங்கே எடை போட்டு வாங்கிக்கொண்டு கூலி தருவது. இதுதான் வேலைப் பங்கீடு. மாவு ஒரே இடத்தில் தயாராவதால் ருசி மாறாது. வேலை வீட்டிலேயே நடப்பதால் கைக்குழந்தை இருக்கும் தாயும் சம்பாதிக்கலாம்.

அப்பளத்துக்கு ஒரு பெயர் வேண்டாமா? 1962இல் அதற்கு ஒரு போட்டி வைத்தார்கள். உறுப்பினர் ஒருவர் சொன்ன 'லிஜ்ஜத்' என்ற பெயர் வென்றது. குஜராத்தியில் 'ருசி' என்று பொருள். பரிசு எவ்வளவு தெரியுமா? 5 ரூபாய்! கடையில் பத்து அப்பளக் கட்டுகள் இருந்தாலும் நமக்குப் பிடித்ததைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பெயரே பிராண்ட். 1962-63இல் ஆண்டு விற்பனை 1 லட்சத்து 82 ஆயிரம் ரூபாயாக உயர்ந்தது.

எல்லாமே வெற்றிதானா? இல்லை. பின்னாளில் தீப்பெட்டி, ஊதுபத்தி, தோல் பொருள் என்று செய்து பார்த்தார்கள். அவை எடுபடவில்லை. எடுபடாததைக் கைவிட்டு, தெரிந்த வேலையைத் தொடர்ந்தார்கள். எதை விடுவது என்று முடிவெடுப்பதும் நிர்வாகம்தான்.

முதலாளி யார்?

இந்த நிறுவனத்துக்கு யார் முதலாளி? அப்பளம் இடும் பெண்கள் எல்லோருமே! ஒருவரை ஒருவர் 'சகோதரி' என்றே அழைக்கிறார்கள். லாபம் வந்தாலும் பங்கு, நஷ்டம் வந்தாலும் பங்கு. ஆண்கள் சம்பளத்துக்கு வேலை பார்க்கலாம், உறுப்பினராக முடியாது! இப்படித் தொழில் யாருக்குச் சொந்தமோ, அந்த உரிமைக்கு 'உடைமை' என்று பெயர். ஒருவருக்கே சொந்தமானால் தனியாள் வணிகம். சிலர் சேர்ந்தால் கூட்டு வணிகம். உழைப்பவர்கள் எல்லோருக்கும் சொந்தமானால், அது லிஜ்ஜத் மாதிரி.

ஏழு பேரில் தொடங்கிய அந்த அமைப்பில் இன்று ஏறத்தாழ 45 ஆயிரம் பெண்கள் இருக்கிறார்கள். தொடங்கிய எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் பொபட்டுக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது தொண்ணூறுக்கு மேல்!

80 ரூபாய் இவ்வளவையும் செய்யவில்லை. அதே 80 ரூபாயை வாங்கி ஒரே வாரத்தில் தொலைத்தவர்களும் இருந்திருப்பார்கள். தரத்தைக் குறைக்காதது, கணக்கு எழுதியது, கட்டிலும் அடுப்பும் வாங்கியது, வீட்டுக்கே மாவு கொடுத்தது... இந்த முடிவுகள்தான் செய்தன. முதலீடு, லாபம், தரம், ரிஸ்க் என்ற சொற்கள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் யோசித்து எடுத்த முடிவின் பெயர்தான். அதைப் புரிந்துகொண்டால் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யவே வேண்டாம்!

கடைசியாக ஒரு கணக்கு: உங்கள் நீர்மோர் கடையில் ஏழு டம்ளர் விற்றதும் மழை பிடித்துக்கொண்டது. அதோடு யாரும் வரவில்லை. பானையில் மீதி மோர் ஏதும் இல்லை. லாபமா, நஷ்டமா? எவ்வளவு? கீழே பார்க்காமல் போட்டுப் பாருங்கள்.

(விடை: ஏழு டம்ளரில் கையில் நின்றது 42 ரூபாய். வாடகை 60 ரூபாய். எனவே நஷ்டம் 18 ரூபாய். அடுத்த முறை கடை போடும்போது மேசையை எங்கே போடுவீர்கள்?)