கடைமடைக்கு வழி எது?



போன சம்பாவில் எங்க வயலில் இலைச்சுருட்டுப் புழு விழுந்திருச்சு. "நெட்டுல என்ன போட்டிருக்குன்னு பாரு தம்பி" என்று அப்பா செல்போனைக் கொடுத்தார். ஒரு பெரிய இணையதளத்தைத் திறந்தேன். 'எங்களைப் பற்றி', 'பிரிவுகள்', 'திட்டங்கள்', 'வெளியீடுகள்' என்று தலைப்புகள். இதில் புழு எதுக்குள்ள இருக்கும்? ஒவ்வொன்றாக உள்ளே போய், வழி தவறி, திரும்பி வந்து... அரை மணி நேரம் போச்சு. அப்பா கடைக்காரர் கொடுத்த மருந்தை வாங்கி அடிச்சிட்டார்.

மறுநாள்தான் அந்தப் பக்கம் கிடைத்தது. பயிர் வளரும் பருவத்தில் 100 இலைக்குப் பத்தாவது பாதித்தால்தான் மருந்து தேவையாம். எங்க வயலில் அவ்வளவு இல்லை! தகவல் இருந்தது, அதற்குப் போகிற வழிதான் சரியில்லை. அந்த வழிகாட்டும் பட்டியலுக்குத்தான் 'மெனு' என்று பெயர். பெரிய தளத்துக்கு அதை எப்படி அமைப்பது? நான் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

1. படிகள் குறையட்டும்!
கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. பிறகு கிளை ஆறு, வாய்க்கால், மடை. பிரிவு கூடக்கூட கடைமடைக்குத் தண்ணி வர்றது கஷ்டம். மெனுவும் அப்படித்தான். 1981-ல் மில்லர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 64 சொற்களைப் பலவிதமாக அடுக்கிச் சோதித்தார். படிக்கு 2 வீதம் ஆறு படி வைத்தால் நேரம் அதிகம். 64-ஐயும் ஒரே பட்டியலாகக் கொட்டினாலும் சரிவரவில்லை. 8 தலைப்பு, ஒவ்வொன்றின் கீழும் 8 என்று இரண்டே படி வைத்ததுதான் ஜெயித்தது!

2. தேடுபவர் பேச்சில் தலைப்பு வையுங்கள்!
அலுவலகத்தில் எத்தனை பிரிவு என்பது அப்பாவுக்கு எதுக்கு? 'நெல்', 'பூச்சி, நோய்', 'மானியம்' என்று இருந்தால் நானே நேராகப் போயிருப்பேன்.

3. ஒரே இடத்துக்குப் பல வழி!
இதற்கு வழிகாட்டியவர் நம்ம பக்கத்துக்காரர். 1892-ல் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன்! அப்போது அது தஞ்சாவூர் ஜில்லா. லண்டன் கடையில் மெக்கானோ பொம்மைத் துண்டுகளை விதவிதமாகப் பூட்டுவதைப் பார்த்த அவருக்கு ஒரு யோசனை. ஒரு புத்தகத்தை ஒரே பெட்டியில் அடைக்காமல் பொருள், இடம், காலம் எனப் பல கோணங்களில் குறித்து, குறிகளைக் கோர்த்தார். 1933-ல் வெளிவந்த 'கோலன்' பகுப்பு முறை இதுதான். இன்றைய தளங்களில் பயிர், பருவம், பிரச்சினை என்று தேர்ந்தெடுத்துச் சலிக்கிறோமே, அதற்கும் அடிப்படை இந்த எண்ணமே. 'நெல்', 'சம்பா', 'பூச்சி' என எதில் தொடங்கினாலும் அதே பக்கம் வரும்.

4. இடம் பார்த்து வடிவம்!
மேலே படுக்கையாக வைத்தால் நாலைந்து தலைப்புதான் பிடிக்கும். நம்ம தமிழ்ச் சொற்கள் நீளமாச்சே! தலைப்பு நிறைய இருந்தால் பக்கவாட்டில் நெடுக்காக வைப்பது நல்லது. மவுஸை மேலே கொண்டுபோனால் மட்டும் விரியும் மெனு, விரலால் தொடும் செல்போனுக்கு ஆகாது. மூன்று கோட்டுக்குள் எல்லாவற்றையும் ஒளித்தால், புதியவர்களுக்கு அங்கே மெனு இருப்பதே தெரியாது. பக்கத்தின் தலைமாட்டில் 'முகப்பு > நெல் > பூச்சி' என்று வந்த வழியைக் காட்டினால் யாரும் தொலைந்து போக மாட்டார்கள்.

நண்பர்களே, இதைச் சோதிக்கக் கம்ப்யூட்டரே வேண்டாம்! தகவல்களைத் துண்டுச் சீட்டில் எழுதி, வீட்டில் தாத்தா, அம்மாவிடம் கொடுத்து "எது எதோட சேரும்?" என்று கேளுங்கள். அவர்கள் பிரித்து வைப்பதுதான் நல்ல மெனு. நாளைக்கு நம்மில் யாராவது இணையதளம் செய்வோம். அப்போது கடைமடையில் நிற்பவரை நினைத்துக்கொள்வோமா?

— பிளஸ் ஒன் மாணவன், கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவு