விமானி வேலை நேர்முகத்துக்குப் போக முன்

ஊரில் விமானம் ஓட்டியவரா நீங்கள்? பிரித்தானியாவில் அதே வேலைக்கு முயற்சி செய்யலாம். ஆனால் சில விடயங்களை முதலே தெரிந்து வைத்திருங்கோ.

வேலை அனுமதி: அகதி அந்தஸ்து கிடைத்தவர்கள் எந்த வேலையும் செய்யலாம். முடிவு வராதவர்கள் அனுமதியில்லாமல் வேலை செய்யக் கூடாது. உங்கள் பிழையில்லாமல் 12 மாதத்துக்கு மேல் இழுபட்டால் ஹோம் ஆபீசிடம் அனுமதி கேட்கலாம். கிடைத்தாலும் குறிப்பிட்ட சில வேலைகள்தான்.

லைசென்ஸ்: ஊர் லைசென்ஸ் மட்டும் போதாது. இங்குள்ள சி.ஏ.ஏ.யின் எழுத்துப் பரீட்சைகள், முதலாம் வகுப்பு மருத்துவச் சோதனை, பறப்புச் சோதனை எல்லாம் சித்தியடைய வேண்டும். விமானிக்குரிய ஆங்கிலத்தில் குறைந்தது 4ஆம் நிலை தேவை.

நேர்முகம்: பறந்த மணித்தியாலங்கள், கப்டனோடு கருத்து வேறுபாடு வந்தால் என்ன செய்வீர்கள் போன்றவற்றைக் கேட்பினம். உண்மையில் நடந்த ஒன்றை எடுத்து, என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், எப்படி முடிந்தது என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுங்கோ.

கடந்த 5 வருடம்: விமான நிலைய பாஸுக்கு இந்த விபரம் கட்டாயம். அங்கே உள்ளே துப்புரவு வேலை செய்பவருக்கும் இதே விதிதான். 28 நாளுக்கு மேற்பட்ட இடைவெளிக்குக் காரணம் சொல்ல வேண்டும். முகாமில், தடுப்பில் இருந்த காலத்தை மறைக்காதேங்கோ. திகதிகள் தஞ்சக் கோரிக்கையில் சொன்னதோடு ஒத்துப்போக வேண்டும்.

முக்கியம்: ஊர்ப் பொலிஸ் சான்றிதழ் கேட்டால் உடனே தூதரகத்துக்குப் போகாதேங்கோ. அது உங்கள் வழக்கையும் ஊரிலுள்ள குடும்பத்தையும் பாதிக்கலாம். முதலில் உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கோ.