பதிவேட்டில் பிறக்கும் சந்தேகம்

“ரோந்துப் பணியின்போது, போலீசாரைக் கண்டதும் ஓட முயன்றவரை மடக்கிப் பிடித்து விசாரித்ததில், முன்னுக்குப் பின் முரணாகப் பதில் சொன்னார். தீவிர விசாரணையில், பல திருட்டு வழக்குகளில் அவருக்குத் தொடர்பு இருப்பது தெரியவந்தது.” தமிழ்நாட்டில் செய்தித்தாள் படிக்கிற எவருக்கும் இந்த வாசகம் மனப்பாடம். ஊர் மாறும், பெயர் மாறும், வாசகம் மட்டும் அப்படியே இருக்கும். அவர் ஏன் ஓடினார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. திருடியவன்தான் ஓடுவான் என்று எடுத்துக்கொள்கிறோம். பிடித்தால் அடி விழும் என்று பாட்டன் காலத்திலிருந்து தெரிந்து வைத்திருப்பவனும் ஓடுவான்.

1871-இல் ஆங்கிலேய அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் திருத்தப்பட்ட பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பக்கத்து மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். பிரமலைக் கள்ளர் குடும்பத்து ஆண்கள் விரல் ரேகையைப் பதிந்து கொடுக்க வேண்டும். இரவில் போலீசின் கண்பார்வையில் படுக்க வேண்டும். வெளியூர் போக ராத்திரிச் சீட்டு வாங்க வேண்டும். என்ன செய்தாய் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. யாருக்குப் பிறந்தாய் என்பதே போதும். 1920 ஏப்ரல் 3 அன்று, உசிலம்பட்டிப் பகுதியில் உள்ள பெருங்காமநல்லூரில், ரேகை கொடுக்க மாட்டோம் என்று நின்றவர்கள் மீது போலீஸ் சுட்டது. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. அந்த மக்களுக்காக வாதாடிய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பை அவர்கள் ‘ரோசாப்பூ துரை’ என்று கொண்டாடினார்கள். 1947-இல் சென்னை மாகாணத்திலும், 1952-இல் நாடு முழுவதும் அந்தச் சட்டம் ஒழிந்தது.

சட்டம்தான் ஒழிந்தது. 1948-லேயே வழக்கமான குற்றவாளிகளுக்கென்று சென்னை மாகாணத்தில் தனிச் சட்டம் வந்துவிட்டது. எழுத்தளவில் அது நியாயமானதுதான்: சாதியைப் பார்க்காதே, தனி மனிதன் பெற்ற தண்டனையைப் பார் என்றது. ஆனால் ஸ்டேஷனில் சரித்திரப் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. யார்மீது கண் வைக்க வேண்டும் என்பதை அந்தப் பதிவேடு சொல்கிறது. புதிதாக மாறுதலில் வரும் இன்ஸ்பெக்டருக்கு எந்தச் சாதிமீதும் வெறுப்பு இல்லாமல் இருக்கலாம். அவர் கைக்கு வரும் பட்டியலில் குறவர் காலனியும் இருளர் குடியிருப்பும் ஏற்கெனவே இருந்தால், அவருடைய நல்ல மனசு எதுவரைக்கும் உதவும்?

ஒரு நகைத் திருட்டுப் புகார் வந்தால் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். புகார் கொடுத்தவர் கொஞ்சம் வசதியானவர் என்றால் மேலிடத்திலிருந்து போன் வரும். மாதாந்திரக் குற்ற ஆய்வுக் கூட்டத்தில் எஸ்.பி. கேட்பார்: ரெக்கவரி எவ்வளவு? கண்டுபிடித்தாயா என்பதைவிட மீட்டாயா என்பதுதான் கேள்வி. இங்கே சட்டத்தின் ஒரு நுணுக்கம் வேலை செய்கிறது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால் காவலில் இருப்பவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பகுதி மட்டும் சாட்சியமாகும். பழைய சாட்சியச் சட்டத்தில் அது 27-ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சியச் சட்டத்தில் 23-ஆவது பிரிவு. ஆக, ‘எங்கே வைத்திருக்கிறாய்’ என்ற ஒரே கேள்வியில் மொத்த விசாரணையும் வந்து நிற்கிறது. யாரைக் கேட்பது? கேட்டால் வக்கீலோடு வராதவரை, காணாமல் போனால் ஊர் திரண்டு கேட்காதவரை. அவர் பெயர் பதிவேட்டில் இருந்துவிட்டால் தயக்கத்துக்கே வேலையில்லை.

இவன்தான் என்று முடிவு கட்டிய நிமிடத்தில் மற்ற தடயங்கள் கண்ணில் படாமல் போகின்றன. பக்கத்து வீட்டாரிடம் உருப்படியாக விசாரிப்பதில்லை. தெருமுனை கேமராவின் பதிவு சில நாளில் தானாக அழிகிறது. உண்மையில் எடுத்தவர் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார். நகையைப் பறிகொடுத்தவருக்கும் இது அநீதிதான். அவருக்கு அது கடைசிவரை தெரியாது.

கடலூர் மாவட்டம் கம்மாபுரத்தில் 1993-இல் ராஜாக்கண்ணு இப்படித்தான் ஒரு திருட்டுப் புகாரில் இழுத்துச் செல்லப்பட்டுக் காவலில் செத்தார். அவர் மனைவி பார்வதி ஆட்கொணர்வு மனு போட்டார், வழக்கறிஞர் கே.சந்துரு வாதாடினார், ‘ஜெய் பீம்’ படத்தால் அது ஊரறிந்த கதையாயிற்று. படம் பார்த்து அழுதோம். 2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரத்தில், நகை காணோம் என்ற புகாருக்காகக் கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் பிடியில் செத்தார். முப்பத்திரண்டு வருஷ இடைவெளியில் மாறாமல் இருப்பது ஒன்றுதான்: காணாமல் போன நகைக்குப் பதிலாக ஓர் உடம்பு.

போலீசுக்குள் மனசாட்சியே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2020-இல் சாத்தான்குளம் ஸ்டேஷனில் தந்தையும் மகனும் அடிபட்ட இரவில் பணியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி, விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் நடந்ததைச் சொன்னார். லத்தியிலும் மேசையிலும் ரத்தக் கறை இருந்தது என்றார். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடத் தயங்கினார். பாதுகாப்பு உண்டு என்று உறுதி சொன்ன பிறகு போட்டார். அந்தத் தயக்கத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது. உண்மையைச் சொல்ல ஒரு காவலர் சக காவலர்களுக்குப் பயப்பட வேண்டியிருந்தது. பயிற்சிப் பள்ளியில் நெறிமுறை வகுப்பு எடுப்பது நல்லதுதான். ஆனால் சொன்னவருக்குக் காப்பு இல்லாத இடத்தில் அந்த வகுப்பு பரீட்சை நாளோடு முடிந்துவிடும்.

செய்ய முடிகிற காரியம் ஒன்று இருக்கிறது. 2024 மே மாதம், டெல்லி தொடர்பான அமானத்துல்லா கான் வழக்கில், சரித்திரப் பதிவேடுகள் சாதி முன்முடிவோடு திறக்கப்படுவதை உச்ச நீதிமன்றம் கவலையோடு குறிப்பிட்டது. மூத்த அதிகாரி ஒருவர் அவற்றை அவ்வப்போது தணிக்கை செய்ய வேண்டும் என்றது; மற்ற மாநிலங்களும் இதைப் பரிசீலிக்கச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று, சிறைகளில் சாதிப் பாகுபாடு குறித்த சுகன்யா சாந்தா வழக்கில், குற்றப் பரம்பரைப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்ட சீர்மரபினரைக் கண்டபடி கைது செய்யாதிருக்க, அமானத்துல்லா கான் தீர்ப்பையும் கைது பற்றிய 2014-இன் அர்னேஷ் குமார் தீர்ப்பையும் போலீஸ் பின்பற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது.

இந்தத் தணிக்கைக்குப் புதுச் சட்டம் வேண்டாம், பெரிய பணமும் வேண்டாம். ஸ்டேஷன் ஆய்வுக்கு வரும் அதிகாரி சரித்திரப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு கேள்வி கேட்கட்டும்: இவருக்குக் கடைசியாக எந்த நீதிமன்றம், எந்த வருஷம் தண்டனை கொடுத்தது? அப்படி ஒன்று இல்லையென்றால் இந்தப் பெயர் இங்கே எதற்கு? பதிலை எழுத்தில் வாங்கி, நீக்கியவை எத்தனை என்று மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிடட்டும். ரெக்கவரி கணக்கைக் கேட்கிற அதே கூட்டத்தில் இந்தக் கணக்கையும் எஸ்.பி. கேட்கட்டும்.