களிமண் கொல்லையில் ஆடுகளம்: கான்கிரீட் ஊற்றும் முன் யோசியுங்கள்

“வீட்டுக்குப் பின்னால் ஐந்து சென்ட் களிமண் நிலம் இருக்கிறது. முன்பு நாற்றங்கால் விட்ட இடம். பிள்ளைகள் ஷட்டில் ஆட கான்கிரீட் போட்டுவிடலாமா?” குன்றத்தூர் வட்டாரத்தில் இப்போது அடிக்கடி வரும் கேள்வி இது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் இளைஞர்கள் மாலையில் ஆட இடம் தேடுகிறார்கள். ஆசை நியாயமானது. ஆனால், ஏரிப் பாசன நஞ்சையில் கிடக்கும் களிமண்ணின் குணம் தெரியாமல் வேலையைத் தொடங்கினால், பணமும் போகும், நிலமும் போகும்.

களிமண் ஏன் தொல்லை தருகிறது?

களிமண் தண்ணீரைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீங்கிய அதே நிலம் சித்திரையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. இதன் மேல் நேரடியாக கான்கிரீட் போட்டால், மழைக்காலத்தில் ஓரத்து மண் முதலில் நனைந்து தளத்தைத் தூக்கும். நடு மண் காய்ந்தே இருக்கும். இந்த ஏற்ற இறக்கத்தில் தளம் விரிசல் விடும். கான்கிரீட்தான் வேண்டும் என்றால், மேல் களிமண்ணை நீக்கிவிட்டு வீங்காத மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இறுக்க வேண்டும். மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர்.கே. கட்டி கரிசல் நிலத்துக் கட்டுமானங்களுக்காக வகுத்த முறை இதை ஒட்டியதே. இதற்குச் செலவு அதிகம். பிறகு அந்த இடத்தில் ஏர் ஓட்டுவதும் நடக்காது.

மண் களமே போதும்

நெல் அடிக்க நம் முன்னோர் அமைத்த களம், மண்ணை இறுக்கி மெழுகியதுதான். பாரிஸில் 1928-ல் திறக்கப்பட்ட ரோலண்ட் காரோஸ் டென்னிஸ் அரங்கின் ‘களிமண்’ ஆடுகளத்திலும் மேலே தெரிவது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் செங்கல் தூள் மட்டுமே. அதன் கீழே சுண்ணாம்புக்கல், கரித்தணல் கசடு, சரளை என்று வடிகால் அடுக்குகள் இருக்கின்றன. ஆடுகளத்துக்கு உயிர் அடி அடுக்கிலும் வடிகாலிலும்தான் இருக்கிறது.

எவ்வளவு இடம்?

இரட்டையர் ஷட்டில் களம் 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். சுற்றிலும் இடம் விட்டால் 16-க்கு 9 மீட்டர், அதாவது 144 சதுர மீட்டர். சுமார் மூன்றரை சென்ட் போதும். வாலிபால் என்றால் களம் மட்டுமே 18-க்கு 9 மீட்டர். நீளவாக்கை வடக்கு–தெற்காக வையுங்கள், மாலை வெயில் கண்ணில் அடிக்காது.

வேலை வரிசை

1. தை, மாசியில் தொடங்கி வைகாசிக்குள் முடியுங்கள். மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாகி, தட்டினால் உடையும் பதத்தில்தான் இறுக்க வேண்டும். சேறாக இருந்தாலும் கட்டியாக இருந்தாலும் ரோலர் ஓட்டிப் பயனில்லை.

2. மேல் மண்ணை 15 செ.மீ. அகற்றித் தனியே குவித்து வையுங்கள். சுமார் பத்து டிராக்டர் லோடு வரும். அது பல ஆண்டு எரு சேர்ந்த மண். தென்னைக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் கொடுங்கள், விற்றுவிடாதீர்கள்.

3. அடித்தளத்தை ஒரே பக்கமாக, 100-க்கு 1 என்ற சரிவில் அமையுங்கள். 9 மீட்டர் அகலத்துக்கு 9 செ.மீ. இறக்கம். தோண்டிய பள்ளம் சரிவில்லாமல் இருந்தால் சரளை போட்ட பிறகும் தொட்டிபோல் நீர் பிடிக்கும்.

4. தாழ்ந்த பக்கம் 30 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழத்தில் வாய்க்கால் வெட்டி 40 மி.மீ. ஜல்லி நிரப்புங்கள். ஒரே நாளில் 10 செ.மீ. மழை பெய்தால் இந்த 144 சதுர மீட்டரில் மட்டும் 14,400 லிட்டர் விழும். அதை உங்கள் குட்டைக்கு விடுங்கள். பக்கத்து வயலுக்கோ பொது வாய்க்காலை அடைத்தோ விடாதீர்கள்.

5. களிமண்ணின் மேல் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்து, 15 செ.மீ. சரளையை இரண்டு அடுக்காகப் போட்டு, ஒவ்வொன்றையும் தண்ணீர் தெளித்து இறுக்குங்கள். துணி இல்லையென்றால் சரளை களிமண்ணுக்குள் புதைந்து போகும்.

6. மேலே 5 செ.மீ. கனத்துக்குச் செம்மண், களிமண், எம்-சாண்ட் கலவை. அளவு ஊருக்கு ஊர் மாறும். கலவையில் சிறு கல் வார்த்து நிழலில் காய வையுங்கள். வெடித்தால் மணலையும், உதிர்ந்தால் களிமண்ணையும் கூட்டுங்கள்.

செய்யக் கூடாதவை

ஜிப்சம் போட்டால் களிமண் இளகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது களர் நிலத்துக்கு உரியது. சுண்ணாம்போடு கலந்தால் வீக்கம் இன்னும் கூடும். சுண்ணாம்பு மட்டும் போட்டால் களிமண் கெட்டிப்படும் என்பது உண்மைதான். ஆனால் மண்ணின் காரத்தன்மை மிகவும் ஏறிவிடும். மீண்டும் பயிர் செய்ய நினைப்பவர்கள் அதையும் தவிர்ப்பது நல்லது.

வேம்பு, தூங்குமூஞ்சி போன்ற பெரிய மரங்கள் கோடையில் களிமண்ணின் ஈரத்தை உறிஞ்சி ஒரு பக்கத்தை மட்டும் அமுங்க வைக்கும். மரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் தள்ளிக் களம் அமையுங்கள். களத்துக்காக மரத்தை வெட்டாதீர்கள். ஏரி வண்டலை இலவசமாக எடுக்கத் தாசில்தார் அனுமதி தருவது விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும்தான், ஆடுகளத்துக்கு அல்ல.

பராமரிப்பு

மழைக்குப் பின் பாதம் பதியாத வரை காய்ந்த பிறகே ஆட விடுங்கள். கோடையில் மாலை தோறும் தண்ணீர் தெளித்தால் வெடிப்பு குறையும். விழுந்த வெடிப்பை அதே கலவையால் அடைக்கலாம். சாணம் மெழுகினால் தூசி அடங்கும். ஆனால் ஈரத்தில் வழுக்கும்.

வாடகைக்கு விடும் எண்ணத்தில் நிரந்தரத் தளமோ கூரையோ அமைப்பதாக இருந்தால், நில வகைப்பாடு பற்றி நகராட்சியிலோ ஊராட்சியிலோ கேட்ட பின்பே கடைக்கால் தோண்டுங்கள். மண் களத்துக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. நாளைக்கு நிலம் தேவைப்பட்டால் சரளையையும் துணியையும் எடுத்துவிட்டு, குவித்து வைத்த மேல் மண்ணைப் பரப்பி, ஒரு பருவம் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதால் மண் பயிருக்குத் திரும்பத் தொடங்கும். கான்கிரீட்டை உடைத்து அப்படித் திரும்புவது எளிதல்ல.