செல்லுக்குள் ஒரு ஸ்கிராப் பெட்டி

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குப் புரதத்தோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. போன வருஷம் என் பெரியப்பாவுக்கு மல்டிபிள் மைலோமா என்றார்கள். எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோய். எழுதிக் கொடுத்த ஊசி போர்டிசோமிப். "நீதானப்பா படிக்கிற, இது என்ன செய்யும்னு பாத்துச் சொல்லு" என்று சீட்டை என் கையில் திணித்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் படிப்பு என்றால் எல்லாப் படிப்பும் ஒன்றுதான்!

நம் ஒர்க்‌ஷாப்பில் டர்னிங்கில் அளவு தப்பிய ஜாப்பை இன்ஸ்ட்ரக்டர் என்ன செய்வார்? சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. அப்புறம் அது ஸ்கிராப் பெட்டிக்கு. பெட்டிக்கு வெர்னியர் வைத்துப் பார்க்கத் தெரியாது. குறி இருந்தால் போதும். செல்லிலும் அப்படியே. மடிப்பு தப்பிய புரதம், அடிபட்ட புரதம், வேலை முடிந்த நல்ல புரதம்கூட, இவற்றின் மேல் யுபிக்விட்டின் என்ற குட்டிப் புரதம் ஒட்டப்படுகிறது. 76 அமினோ அமிலங்கள்தான் அதன் நீளம். ஒன்று ஒட்டினால் போதாது; பொதுவாக நாலாவது சங்கிலியாகச் சேர வேண்டும். ஒட்டுவதற்கு மூன்று நொதிகள், ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கைமாற்றும். எதில் ஒட்டுவது என்று ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது மூன்றாவது. அந்த ரகத்தில் மட்டும் மனித உடலில் 600க்கு மேல்! இத்தனை இன்ஸ்பெக்டர்கள் எந்தத் தொழிற்சாலையில் உண்டு?

ஸ்கிராப் பெட்டியின் பெயர் புரோட்டியசோம். நாலு வளையங்களை அடுக்கிய பீப்பாய் போன்றது. வெட்டும் இடங்கள் உட்புறத்தில் மட்டும். வெளியே இருந்தால் நல்ல புரதத்தையும் வெட்டிவிடுமே! நம் மெஷினுக்குக் கார்டு போடுகிற மாதிரி. வாய் குறுகலானது. அதனால் மூடிப் பகுதி குறியை அடையாளம் கண்டு, யுபிக்விட்டினைக் கழற்றி மறு உபயோகத்துக்கு விட்டு, புரதத்தின் மடிப்பைப் பிரித்து நூலாக உள்ளே தள்ளுகிறது. இதற்கு ஏ.டி.பி. செலவாகும். உடைப்பதற்கு எதற்குச் சக்தி என்பது 1950களிலிருந்தே புதிர். முயலின் இளம் சிவப்பணுக்களை வைத்து அதை அவிழ்த்த ஆரன் சிச்சனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் மூவருக்கும் 2004இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது சீட்டுக்கு வருகிறேன். 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற போர்டிசோமிப், அந்த வெட்டும் இடத்தில் போய் உட்கார்ந்து அடைத்துக்கொள்கிறது. மைலோமா செல்கள் ஓயாமல் ஆன்டிபாடிப் புரதம் தயாரிப்பவை. உற்பத்தி அதிகம் என்றால் ரிஜெக்ட்டும் அதிகம். பெட்டி அடைத்தால் கழிவு குவிந்து செல் செத்துப்போகும். மற்ற செல்கள் ஓரளவு தாங்கும். ஆனால் கை கால் மரத்துப்போவது இதன் தெரிந்த பக்கவிளைவு என்று படித்ததும் எனக்குத் திக்கென்றது. பெரியப்பா ஒரு மாசமாகச் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்துகொண்டிருந்தார். வயசு என்று யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளே டாக்டரிடம் சொன்னோம்; ஊசியின் அளவைக் குறைத்தார்.

சாக்பீஸ் குறி வரைக்கும் பெரியப்பாவுக்கு நன்றாகப் புரிந்தது. "அடச்ச பெட்டிய எப்பத் தொறப்பாங்க?" என்று கேட்டார். மூன்று நாளில் மருந்து தானாகவே விட்டுவிடும், அதனால்தான் ஊசிகளுக்கு நடுவே இடைவெளி என்றேன்.