குட்டிக்கும் ஒரு பங்கு கொடி!

சங்ககிரிப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் ஆடிப் பட்டத்தில் நிலக்கடலை விதைப்பார்கள். காயைப் பறித்த பின் கொடி மிஞ்சும். அது மாட்டுக்கு நல்ல தீனி. வளரும் ஆட்டுக்குட்டிக்கும் அதில் ஒரு பங்கு வேண்டும்!

மேச்சேரி ஆடு இந்த வட்டாரத்தின் சொந்த இனம். கறிக்கும் தோலுக்கும் பேர்பெற்றது. அந்த ஆட்டுக்கென்றே சேலம் மாவட்டம் பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

மேச்சேரி ஆடு வெயிலைத் தாங்கும். ஆனால் பால் மறந்த குட்டி பசியைத் தாங்காது. கோடையில் மேய்ச்சல் தீர்ந்தால் இளைத்துவிடும். இளைத்த குட்டிக்கு யார் நல்ல விலை கொடுப்பார்கள்?

சோளத்தட்டு மட்டும் போட்டால் வயிறு நிரம்பும், உடம்பு தேறாது. காரணம் என்ன? 100 கிலோ காய்ந்த தட்டில் புரதம் சுமார் 4 கிலோதான். கடலைக் கொடியிலோ சுமார் 10 கிலோ! ஆட்டின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள்தான் தட்டைச் செரிக்க வைக்கின்றன. அவை பெருகப் புரதம் தேவை.

ஆகவே தட்டையும் கொடியையும் சிறிதாக நறுக்கிக் கலந்து போடுங்கள். வீணாவது குறையும். கொஞ்சம் பிண்ணாக்கும் தாது உப்பும் சேர்த்தால் குட்டி நன்றாக எடை கூடும். கொடி இருந்தால் பிண்ணாக்குச் செலவும் மிச்சம்.

ஓர் எச்சரிக்கை! பூசணம் பிடித்த கொடியில் நஞ்சு இருக்கும். அதைக் கொடுக்கவே கூடாது. கொடியை நன்றாகக் காயவைத்து, மழை படாமல் போர் போட்டு வையுங்கள். சித்திரை வெயிலில் அது குட்டியைக் காப்பாற்றும்.